வெளிப்பக்கத் தாழ்ப்பாள்

"வூட்டப் பாத்த ஒடனே நல்லா கீதுன்னு சொல்லிடாதக்கா. மூஞ்சிய உர்ருனு வெச்சிக்கோ. கேக்க வேண்டியத நான் கேட்டுக்கறேன்."

புதுப்பட்டினத்தில் பஸ்ஸை விட்டு இறங்கியதிலிருந்து ஜாய்ஸ் இதையே சொல்லிக்கொண்டு வந்தாள். ஐப்பசி மழை காலையிலிருந்து விட்டு விட்டுப் பெய்தது. கடைத்தெருவில் மீன் கழுவிய தண்ணீரும் மழைத் தண்ணீரும் ஒன்றாய் ஓடின. சந்திரம்மா புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு பின்னால் நடந்தாள். இருவரும் மாமல்லபுரத்துக்கு இந்தப் பக்கம் உள்ள ஒரு ரிசார்ட்டில் அறை சுத்தம் செய்கிறவர்கள். காலை ஷிப்டு முடிந்து, யூனிபாரத்தை மாற்றிக்கொண்டு நேராக வந்திருந்தார்கள். எவ்வளவு சோப்புப் போட்டாலும் போகாத பினாயில் வாடை இருவர் கையிலும் இருந்தது.

ஜாய்ஸ் சின்னவள். கல்யாணத்துக்கு முன்னால் மறைமலைநகரில் கார் உதிரி பாகம் செய்கிற கம்பெனி ஒன்றில் வேலை பார்த்தாள். அங்கே முன்பின் தெரியாத பெண்களோடு பங்கு போட்டுக்கொண்டு பல வீடுகளில் குடியிருந்தவள். சில வீடுகளிலிருந்து சண்டை போட்டு வெளியேறியவள். சந்திரம்மாவோ ஐம்பதைத் தாண்டியவள். வாடகைக்கு வீடு பார்க்க அலைவது அவளுக்கு இதுதான் முதல் தடவை. கொஞ்ச நாளாக பூஞ்சேரியில் ஜாய்ஸின் ஒற்றை அறை வீட்டில், அவளுடைய புருஷன், மாமியாரோடு இடித்துக்கொண்டு படுத்திருந்தாள். மாமியாரின் முகம் மாறத் தொடங்கியிருந்தது.

ஏற்கெனவே இரண்டு வீடுகள் பார்த்தாகிவிட்டது. சதுரங்கப்பட்டினத்தில் ஒரு வீட்டம்மா, "நீங்க ஊர்ல எந்தத் தெரு?" என்று கேட்டாள். பதிலைக் கேட்டதும் சாவி எடுத்து வருவதாக உள்ளே போனவள் திரும்பி வரவே இல்லை. இன்னொரு வீட்டில் வீட்டுக்காரன் மாடிப்படியிலேயே உட்கார்ந்துகொண்டு, போகிற வருகிற பெண்களை எல்லாம் எண்ணிக்கொண்டிருந்தான். இது மூன்றாவது. ரிசார்ட் வேன் டிரைவர் சொன்ன இடம். பாய்ம்மா ஒருத்தர் தனியாக இருக்கிறார், பொம்பளை ஒருத்தி கூட இருந்தால் போதும் என்கிறார், வாடகை மிகவும் குறைவு என்று சொல்லியிருந்தான்.

"அந்தக் கம்மிதான் எனக்கு இடிக்குது" என்றாள் ஜாய்ஸ். "கடல்காத்து வர்ற வூட்ட இந்த வாடகைக்கு எவ குடுப்பா? இன்னாமோ கீது. வூட்டுக்காரரு எங்கன்னு கேட்டா நீ இன்னா சொல்லுவ?"

"செத்துட்டாருன்னு சொல்லணும்."

"ஆங். அதுல ஒளறிடாத."

ஏசுபாதம் சாகவில்லை. தண்ணி லாரி ஓட்டிக்கொண்டு நன்றாகத்தான் இருந்தான். 'புருஷனை விட்டு வந்தவள்' என்று சொன்னால் எந்த வீட்டுக் கதவும் திறக்காது என்பது ஜாய்ஸின் கணக்கு.

வீடு ஒரு ஹார்டுவேர் கடைக்கு மேலே, இரண்டாவது மாடியில் இருந்தது. மாடிப்படிக் கம்பியெல்லாம் உப்புக்காற்றில் துருவேறிப் பொருக்காய் உதிர்ந்தது. ஜாய்ஸ் கதவைத் தட்டினாள். உள்ளே டிவி சத்தமாக ஓடிக்கொண்டிருந்தது. யாரோ நடந்தார்கள். வேறொரு கதவு சாத்தப்படும் சத்தம். அதற்குப் பிறகுதான் வாசல் கதவு திறக்க ஆரம்பித்தது. ஒரு பூட்டு, ஒரு தாழ்ப்பாள், கதவு உச்சியில் இன்னொரு தாழ்ப்பாள். ஜாய்ஸ் திரும்பி சந்திரம்மாவைப் பார்த்தாள்.

பதருன்னிசா மூச்சு வாங்க நின்றாள். ஒல்லியான உருவம், தலையில் முக்காடு, கழுத்தில் கடைத்தெரு ரெடிமேட் கடையின் அடையாள அட்டை.

"வாங்க, வாங்க. மழையில நனைஞ்சிட்டீங்களே. நான் துணிக்கடையில நிக்கிறேன், இப்பதான் சாப்பாட்டுக்கு வந்தேன். செருப்ப உள்ளயே வுடுங்க, வெளிய வுட்டா நாய் தூக்கினு போயிடும்."

சந்திரம்மா செருப்பைக் கழற்றினாள். பதருன்னிசாவின் கண் ஒரு நொடி அவள் காலில் நின்றுவிட்டு மேலே வந்தது.

ஜாய்ஸ் உட்காரவில்லை. நேராகக் குளியலறைக்குப் போய்க் குழாயைத் திறந்தாள். ஒரு சொட்டு நாக்கில் வைத்துத் துப்பினாள்.

"உப்பு."

"போர் தண்ணி அப்படித்தான் கீது. குடிக்க கேன் போடறான். மோட்டாரு காலையில ஒருவாட்டி, சாயங்காலம் ஒருவாட்டி."

"கரண்டுக்குத் தனி மீட்டரா? பில்லு யார் பேர்ல வருது?"

"தனி மீட்டருதான். பில்ல காட்டறேன், பாதி பாதி."

"ஓனரு எங்க கீறாரு? அவராண்ட இன்னொரு சாவி கீதா?"

"மெட்ராஸ்ல. அவராண்ட சாவி இல்ல. நான்தான் வெச்சிகீறேன்."

"சொந்தக்காரங்க, தம்பி, அண்ணன் பையன்னு யாராச்சும் வந்து தங்குவாங்களா?"

"யாரும் வரமாட்டாங்க."

"ஆம்பளைங்க?"

"நான் ஒருத்திதான்மா கீறேன்." இந்தப் பதில் மற்றவற்றைவிட வேகமாக வந்தது.

ஜாய்ஸ் குளியலறைத் தாழ்ப்பாளைப் போட்டு இழுத்துப் பார்த்தாள், ஜன்னல் கம்பியை ஆட்டிப் பார்த்தாள், பிறகு சமையலறைக்குள் நுழைந்தாள். சந்திரம்மா வாசலிலேயே நின்று எட்டிப் பார்த்தாள். மூலையில் சங்கரா மீன் குழம்பு மூடியிருந்தது. கொத்துமல்லி வாசனையோடு புளிப்பாய் ஒரு மணம். அடுப்பில் திருகும் குமிழ் ஒன்றுகூட இல்லை.

"இதென்ன, அடுப்ப எப்படிப் பத்த வெப்பீங்க?"

பதருன்னிசா இடுப்பிலிருந்து சுருக்குப்பை ஒன்றை எடுத்தாள். குமிழ்கள் அதற்குள் இருந்தன. "லூசாகிப் போச்சி. கயண்டு கயண்டு வுழுது. அதான்."

"கத்தி, அருவாமனை?"

"பெட்டியில. பூட்டி வெச்சிகீறேன்."

ஜாய்ஸின் தோள்கள் விறைத்துக்கொண்டதை சந்திரம்மா கவனித்தாள். மறைமலைநகரில் ஒரு வீட்டில், பெண்களை வேலைக்கென்று கூட்டி வந்து வெளியே விடாமல் வைத்திருந்த கதையை ஜாய்ஸ் பலமுறை சொல்லியிருக்கிறாள்.

சந்திரம்மாவுக்கென்று காட்டிய அறை நன்றாகத்தான் இருந்தது. ஜன்னல் கிழக்கே திறந்தது. தகரக் கூரைகளுக்கும் தென்னைகளுக்கும் அப்பால் சாம்பல் நிறத்தில் ஒரு கீற்றுக் கடல். அவளுக்கு அது பிடித்துப்போயிற்று. ஜாய்ஸ் சொன்னபடி முகத்தை உர்ரென்று வைத்துக்கொண்டு ஹாலுக்குத் திரும்பினாள். அப்போதுதான் அந்த இன்னொரு அறைக் கதவைப் பார்த்தாள்.

கதவு பழையது, பெயின்ட் உரிந்தது. அதன் மேல்பக்கத்தில் புத்தம் புதிய இரும்புத் தாழ்ப்பாள். அது வெளிப்பக்கம் இருந்தது. போட்டும் இருந்தது.

அப்படித் தாழ்ப்பாள் போடும் சத்தம் சந்திரம்மாவுக்குத் தெரியும். லாரிக்குப் புறப்படும்போது ஏசுபாதம் கதவை இழுத்துச் சாத்துவான். பிறகு வெளியே இரும்பு உரசும். லீவு நாளில் வீட்டில் இருந்தால் எவனோடு பேசுவாளோ என்ற சந்தேகம் அவனுக்கு. வேலைக்குப் போகும் நாளில் ரிசார்ட் கேட்டில் வந்து நிற்பான். எந்த ரூம் கூட்டின, எத்தனை பேர் இருந்தாங்க, எதுக்குச் சிரிச்ச என்று ராத்திரி கேட்பான். அவளும் ஒன்றுவிடாமல் சொல்லுவாள். சொன்னால் தீரும் என்று நினைத்தாள். கல்யாணமான நாளிலிருந்து சொல்லிக்கொண்டே இருந்தாள். போன மாதம் காய்ச்சலில் கிடந்தபோதும் பூட்டிவிட்டுப் போனான். வீட்டில் குடிக்கத் தண்ணீர் இல்லை. ஜன்னலில் கையை நீட்டிப் பக்கத்து வீட்டுப் பிள்ளையிடம் சொம்பு கேட்டு வாங்கினாள். எழுந்து நடக்கத் தெம்பு வந்த அன்றே வேலைக்குப் போகிறவள்போலக் கிளம்பி வந்துவிட்டாள்.

"அது இன்னா ரூமு?" என்று அவள்தான் கேட்டாள். ஜாய்ஸ் திரும்பிப் பார்த்தாள்.

"சாமான் ரூமு."

"சாமானுக்கு எதுக்கு இம்மாம் பெரிய தாப்பா?"

"எலி வருது…"

உள்ளே ஏதோ இழுபட்டது. பதருன்னிசா டிவி சத்தத்தைக் கூட்டப் போனாள். ஜாய்ஸ் ரிமோட்டைப் பிடுங்கி டிவியை நிறுத்தினாள். அந்த நிசப்தத்தில் ஓர் ஆணின் குரல் தெளிவாக வந்தது.

"பதரூ… கடைக்கு ஆளு வந்துகீதா?"

"வாக்கா போலாம்!" ஜாய்ஸ் சந்திரம்மாவின் கையைப் பிடித்து இழுத்தாள். "ஆம்பள இல்லன்னு சொன்னியே, யாரு இது? யார அடைச்சி வெச்சிகீற? போலீசுக்கு போன் பண்ணவா?"

பதருன்னிசா வாசலை மறிக்கவில்லை. சோபாவில் உட்கார்ந்துவிட்டாள். முக்காட்டை இழுத்து வாயைத் துடைத்தாள்.

"என் வூட்டுக்காரருமா" என்றாள். "ரஹ்மத்துல்லா. தொறந்து பாருங்க."

சந்திரம்மா ஜாய்ஸின் கையை உதறிவிட்டுப் போய்த் தாழ்ப்பாளை இழுத்தாள்.

கட்டில் ஓரத்தில் வெள்ளைத்தாடியோடு உயரமான மனிதர் ஒருவர், இஸ்திரி போட்ட சட்டை அணிந்து உட்கார்ந்திருந்தார். பொத்தான்கள் மாறிப் போட்டிருந்தன. அவளைக் கண்டதும் எழுந்தார்.

"வாங்கம்மா, வாங்க. எந்த ஊரு? சங்கு பாக்கறீங்களா, பாசி மாலையா? பாருங்க, பாத்துட்டு வாங்குங்க. பாக்கறதுக்குக் காசில்ல."

சந்திரம்மாவின் கை இன்னும் தாழ்ப்பாளிலேயே இருந்தது.

"மகாபலிபுரத்துல கடை வெச்சிருந்தாரு" என்றாள் பதருன்னிசா பின்னாலிருந்து. "எத்தினி பாஷை பேசுவாரு தெரியுமா? இப்ப நாஸ்தா துன்னமா இல்லியான்னு தெரியாது. கேஸத் தொறந்து வுட்டுட்டாரு ஒருநாளு. கடைக்குப் போறேன்னு ஈசிஆர் ரோட்டுல நடந்து பூட்டாரு. பஸ்சு இடிக்க இருந்துச்சி, ஒரு மீன்காரம்மாதான் இட்டாந்து வுட்டா. நான் வேலைக்குப் போவாம இருந்தா வூட்டுக்கு வாடகை எவன் குடுப்பான்? அதான் அடைச்சிட்டுப் போறேன். மத்தியானம் வந்து சோறூட்டிட்டு மறுபடியும் அடைக்கறேன்."

"மொதல்லயே சொல்றதுக்கு இன்னா?" என்றாள் ஜாய்ஸ். அவள் குரல் இன்னும் இறங்கவில்லை.

"சொன்னேனே. நர்ஸ் வேலை பாக்கற பொண்ணு ஒண்ணு வந்துச்சி. கேட்டுட்டு, யோசிச்சி சொல்றேன்னு போச்சி. அப்பால ஒரு அம்மா. அதுவும் யோசிக்கத்தான் போச்சி. அதான் வந்து தங்கின அப்பால சொல்லிக்கலாம்னு…"

"சம்பளமில்லாம ஆயா தேடினுகீற. அதான் வாடகை கம்மி."

பதருன்னிசா மறுக்கவில்லை. "ஆமா" என்றாள். "ஒரு ஜோடி கண்ணு. அவ்ளோதான் எனக்கு வோணும்."

ரஹ்மத்துல்லா வெறுங்கையில் எதையோ ஏந்தி, காதருகே வைத்துக் கேட்கச் சொல்லி சந்திரம்மாவிடம் நீட்டினார். அவள் என்ன செய்வதென்று தெரியாமல் வாங்கிக்கொள்வதுபோலக் கையை நீட்டினாள். பிறகு திரும்பினாள். அவள் முகம் சிவந்திருந்தது.

"உள்ள இருந்துகினு அந்தச் சத்தத்தக் கேட்டிருக்கியா பாய்ம்மா நீ? தாப்பா போடற சத்தம்? எத்தினி வாட்டி கேட்டாலும் நெஞ்சு திக்குனு அடிச்சிக்கும். வெளிய போறவங்களுக்கு அது தெரியாது. மறந்து போற மனுசனுக்கும் அது மறக்காது."

"ஒனக்கு எப்படித் தெரியும்?"

சந்திரம்மா ஜாய்ஸைப் பார்த்தாள்.

பதருன்னிசா எழுந்து வந்தாள். "எல்லாத்தயும் என்னாண்ட கேட்டீங்க. மீட்டரு, சாவி, கத்தி, அருவாமனை. நானும் ஒண்ணு கேக்கறேன். புருசன் செத்துட்டாருன்னு டிரைவரு சொன்னான். செத்தவனுக்கு எதுக்கு மெட்டி போட்டுகினுகீற?"

ஜாய்ஸ் தலையில் அடித்துக்கொண்டாள். சொல்லிக்கொடுத்ததில் அவள் கால்விரல் மெட்டியை மறந்துவிட்டிருந்தாள்.

சந்திரம்மா தரையில் உட்கார்ந்தாள். உட்கார்ந்தபடியே எல்லாவற்றையும் சொன்னாள். மழை மறுபடி பிடித்து ஜன்னல் தகரத்தில் இரைந்தது. பதருன்னிசா நடுவில் ஒரு கேள்வியும் கேட்கவில்லை. ரஹ்மத்துல்லா மட்டும் இரண்டு தடவை, "எந்த ஊருன்னு சொன்னீங்க?" என்றார்.

"அவன் தேடினு வருவானா?" பதருன்னிசா கடைசியாகக் கேட்டாள்.

"வருவாரு. இன்னிக்கோ நாளைக்கோ, வருவாரு."

"எனக்கு இந்த மனுசனோடவே பேஜாராகீது. இதுல அடிதடி வேறயா?"

"அதான் சொல்லாம மறைச்சோம்" என்றாள் ஜாய்ஸ், தணிந்து.

பதருன்னிசாவும் தரையில் உட்கார்ந்தாள். ஒருவரையொருவர் ஏமாற்றப் பார்த்த இரண்டு பேரும் எதிரெதிரே உட்கார்ந்திருந்தார்கள். யாருக்கும் யார்மேலும் கோபப்பட முடியவில்லை. கடைசியில் சந்திரம்மாதான் பேசினாள். அவளுக்குக் காலை ஷிப்டு மட்டும்தான்; மதியத்துக்கு மேல் வீட்டில் இருப்பாள். பதருன்னிசா கடையில் கேட்டு மதியத்துக்கு மேல் வேலையை மாற்றிக்கொண்டால் வீட்டில் யாராவது ஒருவர் இருந்துகொண்டே இருக்கலாம். வாசல் கதவை எப்படி வேண்டுமானாலும் பூட்டட்டும். ஆனால் இந்த அறைத் தாழ்ப்பாள் இருக்கிற வீட்டில் அவள் படுக்கமாட்டாள்.

"நானே வாடகைக்கு வர்றவ. கண்டிசன் போடறேன்னு நெனைக்காத."

"நெனைக்கறேன்தான்" என்றாள் பதருன்னிசா. பிறகு, "மொதலாளியாண்ட கேட்டுப் பாக்கறேன்" என்றாள். படியிறங்கும்போது ஜாய்ஸின் கையில் ஒரு தூக்குச் சட்டியில் மீன் குழம்பைக் கொடுத்தனுப்பினாள்.

துணிக்கடை முதலாளி முனகிக்கொண்டே ஒப்புக்கொண்டார். அடுத்த வாரம் சந்திரம்மா ஒரு பையோடு வந்தபோது, அந்தக் கதவின் மேல்பக்கத்தில் நான்கு திருகாணி ஓட்டைகள் மட்டும் இருந்தன.

முதல் நாட்களில் இருவரும் ஒருவரையொருவர் நம்பவில்லை. பதருன்னிசா கடையிலிருந்து அடிக்கடி போன் போட்டு, "இன்னா பண்றாரு?" என்பாள். சந்திரம்மாவுக்கு அது ஏசுபாதம் ராத்திரியில் கேட்பதுபோலவே இருக்கும். வேலையைப் போட்டுவிட்டுப் பதில் சொல்லுவாள். சந்திரம்மாவோ ராத்திரியில் தன் அறைக்கதவை இழுத்து இழுத்துத் திறந்து பார்ப்பாள். ஒருநாள் சந்திரம்மா வாசலைப் பூட்ட மறந்ததில் ரஹ்மத்துல்லா இறங்கிப் போய்விட்டார். அவள் பதறி ஓடி, மீன் ஏலம் விடும் இடத்தருகே அவரைப் பிடித்தாள். வீட்டுக்கு வர மறுத்தார். கையைப் பிடித்து இழுக்காமல் அவர் பக்கத்திலேயே கடற்கரை வரை நடந்தாள். காற்று மணலை வாரி அடித்தது. வலை பிரிப்பவர்களை அவர் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு தானாகவே, "மழை வரும் போல கீது, கடைய எடுத்து வெக்கலாம்" என்று திரும்பினார். நடந்ததைக் கேட்ட பதருன்னிசா கத்தினாள். கத்தி முடித்துவிட்டு அழுதாள். அதற்குப் பிறகு போன் வருவது குறைந்தது. ராத்திரி வீடு திரும்பியதும் கடைக்கு வந்த சண்டைக்கார வாடிக்கையாளர்களைப் பற்றி அவள் சொல்ல, சந்திரம்மா வயிறு குலுங்கச் சிரித்தாள். ஏன் சிரித்தாய் என்று யாரும் கேட்கவில்லை.

ஏசுபாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை வந்தான். இப்போதெல்லாம் அவள் ரிசார்ட் வேனிலேயே போய்வந்ததால் கேட்டில் பிடிக்க முடியாமல், அது அவளை எங்கே இறக்கிவிடுகிறது என்று முந்தின நாள் பைக்கில் பின்தொடர்ந்து பார்த்து வைத்திருக்கிறான்.

மத்தியான நேரம், பதருன்னிசாவுக்குக் கடை லீவு. சந்திரம்மா ஹாலில் பாய் விரித்து ரஹ்மத்துல்லாவுக்குச் சோறு போட்டிருந்தாள். அவருக்கு முள் பார்க்கத் தெரியாது. எதிரே உட்கார்ந்து, மீனைப் பிட்டு முள்ளெடுத்து அவர் தட்டில் வைத்துக்கொண்டிருந்தாள். கதவு தட்டப்பட்டது. ஜாய்ஸ் வருவதாகச் சொல்லியிருந்ததால் பதருன்னிசா யோசிக்காமல் திறந்துவிட்டாள்.

ஏசுபாதம் வாசலைத் தாண்டவில்லை. நிலையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு நின்றான். அவன் பார்த்தது பனியன் போட்ட ஓர் ஆண், அவன் தட்டில் தன் மனைவியின் விரல்.

"இதுக்குத்தான் வந்தியா?" என்றான். குரல் தாழ்ந்துதான் இருந்தது. "யாருடி இவன்?"

சந்திரம்மாவின் கை நின்றது.

"தம்பி, இவரு என்…" என்று பதருன்னிசா ஆரம்பித்தாள்.

"பாய்ம்மா, சொல்லாத."

பதருன்னிசா திகைத்துப் பார்த்தாள்.

"சொல்லாத. நீ கம்முனு இரு."

"யாருன்னு கேக்கறேன் இல்ல?" ஏசுபாதம் வாசலில் கிடந்த செருப்புகளை எட்டி உதைத்தான். எதிர்வீட்டுக் கதவு திறந்தது. "எத்தினி நாளா நடக்குது? ரிசார்ட்டுல புடிச்சியா? வாயத் தொறடீ!"

ரஹ்மத்துல்லா தலையை நிமிர்த்தினார். "வாங்க சார், உள்ள வாங்க. எந்த ஊரு?"

"என்னையே ஊரு கேக்கறான் பாரு!"

அவன் உள்ளே ஓர் அடி வைத்தான். பதருன்னிசா நடுவில் வந்து நின்றாள். அவன் உயரத்துக்கு அவள் தோள்வரைதான் இருந்தாள். எதிர்வீட்டுக்காரர் லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு படிப்பக்கம் வந்தார். ஏசுபாதம் அவர்களைத் தாண்டி மனைவியையே பார்த்தான். அவள் பதில் சொல்லுவாள் என்று காத்திருந்தான். எப்போதும் சொல்லியிருக்கிறாள். அழுதுகொண்டு சொல்லியிருக்கிறாள், பைபிள்மேல் கை வைத்துச் சொல்லியிருக்கிறாள்.

சந்திரம்மா இன்னொரு துண்டு மீனை எடுத்தாள். முள் வழுக்கியது. மறுபடி பிடித்து எடுத்து ஓரமாய் வைத்தாள்.

"நான் கேக்கறேன்டீ."

"கேட்டுக்கோ" என்றாள் அவள், தலை நிமிராமல்.

அவன் நின்றான். ஏதோ சொல்ல வாயெடுத்தான். எதிர்வீட்டுக்காரர், "இன்னா நைனா, பொம்பளைங்க கீற வூட்டுல?" என்று நெருங்கி வந்தார். ஏசுபாதம் ஒரு கெட்ட வார்த்தை சொல்லிவிட்டு இறங்கினான். பாதிப் படியில் நின்று மேலே பார்த்து, "வருவேன்" என்றான். கீழே பைக் உறுமிக் கிளம்பி, கடைத்தெரு இரைச்சலில் கலந்தது.

பதருன்னிசா கதவைச் சாத்திவிட்டு அதிலேயே சாய்ந்து நின்றாள்.

"ஏம்மா, ஒரு வார்த்த சொல்லியிருந்தா முடிஞ்சிருக்குமே. சீக்காளி மனுசன்னு தெரிஞ்சா அவனே வெக்கப்பட்டுப் போயிருப்பான்."

"போயிருப்பாரு." சந்திரம்மா கையைக் கழுவினாள். "நாளைக்கு வேற ஒண்ணு கேப்பாரு. அதுக்கும் சொல்லணும்."

பதருன்னிசா மெல்ல வந்து எதிரே உட்கார்ந்தாள். சந்திரம்மா தனக்கொரு தட்டை எடுத்து வைத்துக்கொண்டாள். சோற்றைப் பிசைந்து ஒரு கவளம் வாயில் வைத்தாள். பயம் போகவில்லை, ஆனால் நல்ல பசியாக இருந்தது.

"கொயம்பு இன்னும் கீதா?" என்று கேட்டாள்.